புரட்டாதி இடிமழைய நம்பி விதைக்கலாமா? மூதூர் கிழக்கு மானாவாரி வயலுக்கு ஒரு பதில்

கேள்வி: சேர், எனக்கு கட்டைபறிச்சான் பக்கம் 3 ஏக்கர் மானாவாரி வயல் இருக்கு, 2 ஏக்கர் பள்ளம், 1 ஏக்கர் மேடு. செப்டம்பர் பிறந்து ரெண்டு பின்னேரம் நல்ல இடிமழை பெய்ஞ்சது, பக்கத்து வயல்காரர் அடுத்த நாளே புழுதி உழுது விதைச்சிட்டார். போன் ஆப்பில பாத்தா இன்னும் 10 நாளைக்கு மழைப்படம்தான் காட்டுது. நானும் இப்பவே 3 மாச நெல்ல விதைச்சா முந்தி வெட்டலாம்தானே? 5 மாடும் நிக்குது, அதுகளுக்கும் என்ன செய்யலாம் எண்டு சொல்லுங்கோ.

பதில்: தம்பி, இப்ப விதைக்க வேண்டாம். விதை நெல்ல மூடையிலயே வச்சிட்டு இந்த மழைய உழவுக்குப் பாவியுங்கோ. ஏன் எண்டு கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேணும், ஏனெண்டா இதே கேள்விய மூதூர், ஈச்சிலம்பற்று, திரியாய் எண்டு திருகோணமலை மாவட்டத்தின்ட எல்லாப் பக்கமும் இருந்து இந்த நாளில கேக்கினம்.

முதல்ல இது என்ன மழை எண்டு விளங்க வேணும். மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்து, அந்தக் காத்து தன்ட ஈரத்த எல்லாம் மலைநாட்டுக்கு அங்கால கொட்டிட்டு வெறும் சூட்டுக் காத்தாத்தான் எங்கட பக்கம் இறங்குது, அதத்தான் நாங்க கச்சான் எண்டு சொல்றம். இதுக்குள்ள ஆகஸ்ட் 28ல இருந்து செப்டம்பர் 7 வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேர மேல வேற நிக்கும். நிலம் கொதிச்சுப் போய்க் கிடக்க, மத்தியானத்துக்குப் பிறகு கடல்காத்து உள்ள வரும், அது கச்சானோட முட்டுற இடத்தில முகில் குவிஞ்சு பின்னேரம் இடியோட கொட்டும். அந்த முகில் சில மைல் அகலம்தான் இருக்கும். கந்தளாயில வெள்ளம் ஓடும், தம்பலகாமத்தில ரோட்டும் நனையாது. ஆப்பில வாற மழைப்படம் ‘எங்கயாவது பெய்யலாம்’ எண்டு சொல்றதே தவிர உங்கட வயலில எத்தனை மில்லிமீற்றர் விழும் எண்டு சொல்லேல்ல. வளிமண்டலவியல் திணைக்களத்தின்ட அறிவிப்பிலயும் பாருங்கோ, ‘கிழக்கு மாகாணத்தின் சில இடங்களில் பிற்பகலில் அல்லது இரவில் இடியுடன் கூடிய மழை’ எண்டுதான் வரும், அந்த ‘சில இடங்களில்’ எண்டத விட்டிட்டு வாசிக்கப்படாது.

திருகோணமலைக்கு செப்டம்பரில சராசரியா 100 மி.மீ. அளவு மழை கிடைக்கும், ஒக்டோபரில அது 200 தாண்டும், நவம்பர் டிசம்பரில ஒவ்வொரு மாசமும் 300க்கு மேல. செப்டம்பரின்ட 100ம் ஒழுங்கா வராது, ரெண்டு மூண்டு பின்னேரத்தில மொத்தமா விழுந்திட்டு பிறகு ரெண்டு கிழமை காய்ச்சி எடுக்கும். புரட்டாதி பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் எண்டு பழைய ஆக்கள் சொன்னது இதத்தான். இந்த வெயிலுக்கும் காத்துக்கும் நாளுக்கு 5, 6 மி.மீ. தண்ணி மண்ணில இருந்து போயிடும், அப்ப நீங்க கண்ட மழை 30 மி.மீ. எண்டு வச்சாலும் ஒரு கிழமைக்கும் காணாது.

காய்ஞ்ச புழுதியில கிடக்கிற விதை நெல்லு பொறுத்துக்கொண்டு கிடக்கும், அதில பெரிய பயம் இல்ல, குருவியும் எலியும் கொஞ்சம் தின்னும் அவ்வளவுதான். அரை ஈரத்தில விழுந்த விதைதான் பிரச்சினை. அது மழை வந்திட்டுது எண்டு நினைச்சு முளைச்சு ரெண்டு இலை விடும், வேர் ரெண்டு விரல் ஆழம்கூட போயிருக்காது, அதுக்குள்ள மேல் மண் காய்ஞ்சு போகும். அந்த நேரம் பாத்து இளம் இலையில சாறு உறிஞ்சுற பனிப்பூச்சியும் வரும். உங்கட பக்கத்து வயல்காரர்ட பயிர் முளைச்ச பிறகு காலமை போய்ப் பாருங்கோ, இளம் இலையின்ட நுனி மஞ்சளாகி ஊசி மாதிரி உள்ளுக்குச் சுருண்டிருந்தா, உள்ளங்கைய ஈரமாக்கி இலைக்கு மேலால தடவுங்கோ, கையில கறுப்பு நூல்துண்டு மாதிரி சின்னதா ஒட்டும், அதுதான். தண்ணி கட்ட வசதி இருந்தா இலை மூழ்க ஒருக்கா தண்ணி விட்டு வடிச்சாலே நல்லாக் குறையும், மானாவாரியில அதுக்கும் வழியில்ல. அவரோட இதச் சொல்லி வாக்குவாதப்பட வேண்டாம், விதைச்சது விதைச்சாச்சு, இலை சுருளுதா எண்டு பாக்கச் சொல்லுங்கோ, அது போதும்.

இப்ப முந்தி வெட்டலாம் எண்ட கதைக்கு வாறன். இதிலதான் கூடப் பேர் கணக்குத் தவறவிடுறது. செப்டம்பர் 10ம் திகதி 3 மாச நெல்ல விதைச்சா கிட்டத்தட்ட 60 நாளில பூக்கும், அது நவம்பர் 10. வெட்டு டிசம்பர் 10. திருகோணமலைக்கு வருஷத்தில ஆகக்கூட மழை விழுற ரெண்டு மாசத்தின்ட நடுவில உங்கட நெல்லு பூத்து, பால் பிடிச்சு, முத்தி நிக்கும். பூக்கிற நேரம் காலமையில விடாமப் பெய்ஞ்சா மகரந்தம் கழுவுப்பட்டு பதராப் போகும், முத்தினது சாய்ஞ்சு தண்ணியில கிடந்து கதிரிலயே முளைக்கும், மெஷினும் வயலுக்குள்ள இறங்காது. இதுக்கு மேல புயல் காலமும் அதுதான். 2020 டிசம்பர் 2ம் திகதி புரெவிப் புயல் கரை கடந்தது எங்கட மாவட்டத்துக் கரைக்குக் கிட்டத்தான். 2000 டிசம்பர் 26லயும் திருகோணமலைப் பக்கம் ஒரு புயல் கரை ஏறினது. அந்த நேரத்தில பயிர் பச்சையா இளசா நிண்டா எழும்பும், கதிரோட நிண்டா எழும்பாது.

அதால ஒக்டோபர் 10க்கும் 25க்கும் இடையில விதைக்கிற மாதிரி வச்சுக்கொள்ளுங்கோ, பள்ளத்த முந்தியும் மேட்ட பிந்தியும். பள்ளத்துக்கு முந்தி எண்டு சொல்றது ஏனெண்டா, நவம்பர் நடுவில தண்ணி நிறையிற நேரம் பயிருக்கு 3 கிழமையாவது வயசு இருக்க வேணும், இல்லாட்டி மூழ்கி அழுகிப் போகும். பள்ளத்துக்கு மூண்டரை மாசத்து பிஜி 352, பிஜி 94-1, சிவப்பு எண்டா ஏடி 362, இந்த நெல் இனங்களில ஒண்டு. மேட்டுக்கு 3 மாசத்து பிஜி 300 அல்லது ஏடி 308. இப்பிடிச் செய்தா ரெண்டுமே கார்த்திகைப் பெருமழையில இலையும் மட்டையுமா நிண்டு தண்ணியக் குடிச்சிட்டு ஜனவரிக் கடைசி, பெப்ரவரித் தொடக்கத்தில வெட்டுக்கு வரும்.

திகதி மட்டும் போதாது, மண்ணையும் பாக்க வேணும். வயலுக்க நாலைஞ்சு இடத்தில மண்வெட்டியால ஒரு சாண் ஆழம் வெட்டி அடிமண்ண கையில எடுத்து அமத்துங்கோ, உருண்டையாப் பிடிச்சு, விரலால தட்ட உதிராம நிண்டா ஈரம் இறங்கியிருக்கு. மேல ஈரம், அடியில மாவு எண்டா இன்னும் பொறுங்கோ. அதோட நேர்ச்சுவர் உள்ள பால்மா டின் ஒண்ட வெளியான இடத்தில, மரத்துக்கும் வீட்டுக்கும் தள்ளி வச்சு, ஒவ்வொரு நாளும் காலமை அடிமட்டத்தால அளந்து எழுதிப்போட்டு டின்ன ஊத்திவிடுங்கோ. 1 மி.மீ. எண்டா ஒரு ஏக்கருக்கு கிட்டத்தட்ட 4,000 லீற்றர், சின்னக் கணக்கு இல்ல.

காத்தையும் கவனியுங்கோ. செப்டம்பர் முடிய கச்சான் தளரும், திசை இல்லாம ஒரு புழுக்கம் வரும், ஒக்டோபர் நடுவில பின்னேர மழை மாறி இரவிலயும் விடியப்புறத்திலயும் கடல் பக்கமிருந்து மழை வரத் தொடங்கும். அப்பிடி வந்தா பருவம் திரும்பிட்டுது எண்டு அர்த்தம். வாடை அதுக்கும் பிறகுதான் நிலைக்கும்.

எல் நினோ லா நினா எண்டு பேப்பரில வாறதயும் கேக்கிறீங்க எல்லாரும். பசிபிக் கடல் வழமையவிடச் சூடானா எல் நினோ, குளிர்ந்தா லா நினா. எல் நினோ எண்டா வரட்சி எண்டு இந்தியச் செய்தியப் பாத்திட்டுப் பயப்பிட வேண்டாம், எங்கட ஒக்டோபர் நவம்பர் மழை எல் நினோ வருஷத்தில பெரும்பாலும் கூடத்தான் பெய்யும், லா நினாவில அந்த ரெண்டு மாசமும் குறையப் பாக்கும், விதைப்புப் பிந்தும். ஆனா லா நினாவில தையில வந்து கொட்டவும் கூடும், 2011 ஜனவரி வெள்ளம் கிழக்க என்ன செய்தது எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடுற 3 மாசப் பருவகால அறிவிப்ப உங்கட விவசாயப் போதனாசிரியரிட்டக் கேட்டு வாங்குங்கோ, இல்லாட்டி 1920க்கு எடுத்தாலும் விவசாயத் திணைக்களத்தில கதைக்கலாம்.

இப்ப விழுந்த மழைக்கு ஒரு உழவு போடுங்கோ, அடுத்த மழைக்கு பன்றிநெல்லு (நெல்லு மாதிரியே நிக்கிற களை), கோரை, நெற்சப்பி எண்டு களை எல்லாம் முளைக்கும், ரெண்டு இலை விட்டதும் திரும்ப உழுது புரட்டுங்கோ. விதைக்க முதல் இப்பிடி ஒருக்கா ரெண்டுதரம் களைய முளைக்க விட்டு அழிச்சா பிறகு மருந்துச் செலவு நல்லாக் குறையும், பன்றிநெல்லுக்கு இதவிட வேற நல்ல வழியும் இல்ல. வரம்பக் கட்டி, பள்ளத்தில வடிகால் வாய்க்கால இப்பவே துப்புரவாக்குங்கோ. யூரியா இப்ப ஒரு பிடியும் போட வேண்டாம், காய்ஞ்ச மண்ணில அது காத்தோட போகும். இன்னொண்டு, பின்னேரம் இடி கேட்டா வேலைய விட்டிட்டு வீட்டுக்குள்ள போங்கோ, தனி மரத்துக்குக் கீழ நிக்க வேண்டாம், பருவம் மாறுற இந்த மாதிரி மாசங்களில வெட்டவெளியில நிக்கிற ஆக்களுக்கு மின்னல் அடிக்கிறது கூட.

மாட்டுக்கு, சிறுபோகம் வெட்டின வயல்களில இப்ப வைக்கோல் கிடக்கும், மழை பிடிக்க முதல் வாங்கி உயரமான பரணில நனையாம அடுக்குங்கோ. எல்லாரும் விதைச்ச பிறகு மேய்ச்சல் தரை சுருங்கும், அப்ப தேடினா விலையும் கூட, பூஞ்சணம் பிடிச்சதுதான் கிடைக்கும். மழை தொடங்குற நேரத்தில தொண்டை வீங்கி, மூச்சு இழுத்து ஒண்டு ரெண்டு நாளில மாட்ட விழுத்துற வருத்தம் இருக்கு, அது வந்த பிறகு மருந்து குடுத்துக் காப்பாத்துறது கஷ்டம். மிருக வைத்தியரிட்ட அதுக்கும், காலிலயும் வாயிலயும் புண் வாற கால்வாய் நோய்க்கும் இந்த மாசமே தடுப்பூசி போடுவிச்சுக்கொள்ளுங்கோ, 5 மாட்டுக்கும், கண்டு இருந்தா அதுக்கும்.

ஒக்டோபர் 8 வரைக்கும் டின்னில விழுந்த கணக்கையும், ஒரு சாண் ஆழத்து மண்ணில கையில பிடிச்ச உருண்டையின்ட போட்டோவையும் அனுப்புங்கோ, பள்ளத்துக்கு எந்த நாள் இறங்கலாம் எண்டு அத வச்சுச் சொல்றன்.