எழுத்து தெரிகிறது, வாசிக்க வரவில்லையா?

கேள்வி: பல்லடம் பக்கத்துக் கிராமத்தில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இரண்டாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை பதினைந்து பேர். ஏ முதல் இசட் வரை கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஒரு சின்ன வரிகூட வாசிக்க வரவில்லை. பெற்றோர் "கிராமர் சொல்லிக் குடுங்க மிஸ்" என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: கிராமரை இப்போது தொட வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தின் பெயர் தெரியும், ஒலி தெரியாது. சி, ஏ, டி என்று மூன்று பெயர்களையும் வேகமாகச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், 'சியேடி' என்றுதான் வரும். பூனையைக் குறிக்கும் 'கேட்' எப்படி வரும்? ஆங்கிலத்தில் 26 எழுத்துகள், ஏறத்தாழ 44 ஒலிகள். ஒலியைச் சொல்லித் தராவிட்டால் பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் மனப்பாடம்தான் செய்யும்.

எஸ், ஏ, டைகரில் வரும் டி, பென்சிலில் வரும் பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளோடு தொடங்குங்கள். இவற்றுக்குள்ளேயே பின், டின், டிப், சிட் என்று பல சொற்கள் கிடைக்கும். ஒலியை மட்டும் சொல்லுங்கள்: ப், இ, ன். நம் பேச்சில் பஸ்ஸு, கப்பு என்று கடைசியில் உகரம் ஒட்டிக்கொள்ளும். அதே பழக்கத்தில் பிள்ளைகள் 'பு, இ, னு' என்பார்கள். அப்புறம் மூன்றும் ஒட்டவே ஒட்டாது. இதை முதல் நாளே திருத்திவிடுங்கள்.

இன்னொரு சிக்கல், தமிழில் ஒரே 'ப' இரண்டு ஒலிக்கும் நிற்பது. குண்டூசியும் 'பின்', குப்பைத்தொட்டியும் 'பின்'. வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஊசிக்குரிய 'பின்'னை ஆங்கில முறைப்படி சொன்னால் காகிதம் படபடக்கும், தொட்டிக்குரியதைச் சொன்னால் அவ்வளவாக அசையாது. 'டென்', 'டெஸ்க்' இரண்டின் முதல் ஒலிக்கும் இதே சோதனை பொருந்தும். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையில் குழந்தைப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், கூனிக் குறுகிவிடும். உங்கள் ஊரில் பனியன் லேபிளுக்கா பஞ்சம்? காட்டன், வாஷ், சைஸ், மேட் இன் இந்தியா என்று எல்லாம் அதில் இருக்கிறது. 'சைஸ்', 'மேட்' இரண்டிலும் கடைசியில் 'ஈ' எழுத்து இருக்கிறது. அது தான் ஒலிக்காமல், முன்னால் உள்ள உயிரெழுத்தை அந்த எழுத்தின் பெயராலேயே ஒலிக்க வைக்கும். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வாரப் பாடம் இதிலேயே கிடைக்கும். படித்ததைச் சின்னவர்களுக்கு அவர்களே சொல்லித் தரட்டும்.

பேச்சுக்கு, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வகுத்த முறை மாலை வகுப்புக்கு நன்றாகப் பொருந்தும். "ஓபன் தி டோர்", "கிவ் மீ தி ரெட் பென்சில்" என்று நீங்கள் சொல்ல, பிள்ளைகள் செய்ய வேண்டும். முதலில் செய்தால் போதும், பேசக் கட்டாயப்படுத்தாதீர்கள். சில வாரங்களில் அவர்களே ஒருவருக்கொருவர் கட்டளையிடத் தொடங்குவார்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் மொழித் தடையில்லாமல் சேர்ந்துகொள்ளலாம். தப்பாகப் பேசினால் கண்டிக்க வேண்டாம், சரியான வாக்கியத்தை நீங்கள் ஒருமுறை சொன்னால் போதும். தமிழில் விளக்குவதும் குற்றமில்லை.

வீட்டுப்பாடம் தராதீர்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு மேல் வீடு திரும்பும் அம்மா அப்பாவால் உட்கார்ந்து சொல்லித் தர முடியாது. அவர்களுக்கு ஒரே ஒரு வரியைப் பிள்ளை வாசித்துக் காட்டினால் போதும். நாலைந்து வரிகளைத் தானாக வாசிக்கிற நிலை வந்தபிறகு, அந்த வரிகளில் உள்ள 'இஸ்', 'ஆர்' வேறுபாட்டிலிருந்து கிராமரைத் தொடங்குங்கள்.