வாங்கிக் குவித்த விளையாட்டுகளை எப்போது முடிப்பது?

கேள்வி: மீன் இறங்குதளத்தில் கணக்கு எழுதுகிறேன். விசைப்படகுகள் கரை திரும்பும் நாள்களில் விடியற்காலையிலேயே வேலை தொடங்கிவிடும். தள்ளுபடியில் வாங்கிய 43 வீடியோ கேம்கள் அப்படியே கிடக்கின்றன. 'தி விட்சர் 3' விளையாட்டை மூன்று முறை தொடங்கியும் பாதியில் விட்டுவிட்டேன். என்ன செய்யலாம்?
– வாசகர், மண்டபம்

பதில்: குறை உங்களிடம் இல்லை, நேரத்திற்குப் பொருந்தாத விளையாட்டைத் தேர்ந்தெடுத்ததே காரணம். 2015இல் வெளியான அந்த விளையாட்டின் முதன்மைக் கதைக்கே ஏறத்தாழ 50 மணி நேரம் தேவைப்படுவதால், வாரம் ஒருநாள் அரைமணி நேரம் உட்கார்ந்தால், எந்தப் பொத்தான் எதற்கு என்பதே மறந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இறங்குதளம் ஓய்ந்திருக்குமல்லவா? நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் கதை முடிந்துவிடும். நான்காவது முறையாக முதலிலிருந்து தொடங்காதீர்கள். சேமித்த இடத்தைத் திறந்தால், முன்கதையை அதுவே சுருக்கிச் சொல்லும்.

படகு வரும் மாதங்களுக்கு, 2018இல் வந்த 'செலஸ்ட்' போன்ற விளையாட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு திரையும் தனித் தடை என்பதால், ஏலத்திற்கு அழைப்பு வந்தாலும் உழைப்பு வீணாகாது. பெரிய விளையாட்டை மூடும்முன், அடுத்து யாரைச் சந்திக்க வேண்டும் என்று பேரேட்டின் பின்பக்கத்தில் ஒருவரி எழுதுங்கள்; எனக்கு அது பெரிதும் கைகொடுத்திருக்கிறது.

வீடியோ கேம்களை விற்கும் 'ஸ்டீம்' இணையக் கடையில் வாங்கியது பிடிக்கவில்லையென்றால், 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்திற்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.