நைட் சூப்பர்வைசரிடம் கேளுங்கள்

வார்டு, ஐ.சி.யு. என்று 22 வருஷம். அதில் கடைசி 9 வருஷம் தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பர்வைசர். இன்று ஆஃப், கேளுங்கள்.

கே: இன்சார்ஜ் சிஸ்டருக்கும் சூப்பர்வைசருக்கும் என்ன வித்தியாசம்?

ப: இன்சார்ஜுக்கு ஒரு வார்டு. சூப்பர்வைசருக்கு அந்த ஷிஃப்டில் கட்டடம் முழுக்க. பெட் காலியா, மார்ச்சுவரி சாவி எங்கே, எல்லாம் நம் போனுக்குத்தான் வரும்.

கே: டூட்டிக்கு வர வேண்டியவர் கடைசி நேரத்தில் லீவு சொன்னால்?

ப: "குழந்தைக்குக் காய்ச்சல் மேடம்" என்று ராத்திரி எட்டேகாலுக்குப் போன் வரும். நான் முதலில் ஸ்டாஃபை எண்ண மாட்டேன், நோயாளிகளைப் பார்ப்பேன். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு நர்ஸ். அதில் கை வைக்கவே மாட்டேன். பொது வார்டுகளில் யாருக்கு ரத்தம் ஏறுகிறது, இன்று ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து, சுமை குறைந்த இடத்திலிருந்து ஒருவரை எடுப்பேன். எலும்பு வார்டு சிஸ்டரை ஐ.சி.யு.வுக்கு அனுப்பினால் அவருக்கு ஓரளவு தேறிய நோயாளிதான். வென்டிலேட்டர் அங்கேயே பழகியவருக்கு.

கே: சூப்பர்வைசர் ஆக நர்சிங் டிப்ளமோ போதுமா, பி.எஸ்சி. வேண்டுமா?

ப: அரசில் பெரும்பாலும் சீனியாரிட்டி. தனியாரில் வார்டு அனுபவம் பார்ப்பார்கள், பி.எஸ்சி. இருந்தால் சீக்கிரம் நடக்கும்.

கே: டிப்ளமோ முடித்தவள் நான், சூப்பர்வைசர் ஆகலாமா?

ப: மேலே பாருங்கள்.

கே: சம்பளம் எவ்வளவு வரும்? டிப்ளமோவுக்கு?

ப: ஹெச்.ஆரைக் கேளுங்கள். டிப்ளமோ கேள்வி இத்தோடு முடிந்தது.

கே: பொட்டாசியம் குளோரைடை வார்டில் வைக்கலாமா?

ப: பொது வார்டில் வேண்டாம். கலக்காமல் நேராக நரம்பில் போனால் இதயம் நின்றுவிடும். ஐ.சி.யு.விலும் தனியாகப் பூட்டி வையுங்கள். ரிஜிஸ்டரில் "பூட்டியுள்ளது" என்று இருந்தால் போதாது, பூட்டை இழுத்துப் பாருங்கள்.

கே: ரிஜிஸ்டரோடு சுற்றுவதுதானே உங்கள் வேலை? ஊசி பிடித்து எத்தனை வருஷம் ஆச்சு?

ப: போன வாரம்தான். ராத்திரி மூன்று மணி, நரம்பு கிடைக்காத ஒரு குழந்தைக்கு கேனுலா, அதாவது மருந்து ஏற்றும் ஊசிக் குழாய், போட்டேன். அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்தால் மற்ற வார்டுகளை யார் பார்ப்பது? ரிஜிஸ்டர் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. பழைய இடத்தில் ஒருநாள் கிராஷ் கார்டை, அதாவது அவசர மருந்தும் கருவிகளும் இருக்கும் வண்டியை, திறக்காமலே கையெழுத்துப் போட்டேன். அன்று ராத்திரியே தேவைப்பட்டது. மூச்சுக்குழாய் போடத் தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பில் பேட்டரி செத்து, பல்பு எரியவில்லை. டாக்டர் கையால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டிருக்க, பக்கத்து வார்டுக்கு ஓடினேன்.

கே: பேட்டரி பார்ப்பது வார்டு சிஸ்டர் வேலை. பழியை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

ப: அவரும் பார்த்ததாக எழுதியிருந்தார், நானும் எழுதினேன். இரண்டு கையெழுத்து, ஒரு செத்த பேட்டரி. நீங்கள் இப்போது டூட்டியில்தானே? உங்கள் கிராஷ் கார்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கே: அம்மாவுக்கு சுகர் 280, இன்சுலின் எத்தனை யூனிட்?

ப: டாக்டரிடம் போங்கள்.

கே: கிராஷ் கார்டைப் பார்த்துவிட்டேன் மேடம். பல்பு எரிகிறது. ஆனால் டிராயரில் சீல் இல்லை.

ப: அப்படியென்றால் யாரோ எதையோ எடுத்திருக்கிறார்கள். இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள். போய் அட்ரினலின் ஆம்புலை எண்ணுங்கள்.