பட்டாளத்துப் பிள்ளைக்குப் பண்டிகைப் பார்சல்: கேள்வி பதில்

தபால் இலாகாவில் சேர்ந்த நான் டெபுடேஷனில் ராணுவ அஞ்சல் பிரிவுக்குப் போய், நாக்பூர் பக்கத்துக் காம்ப்டியில் பயிற்சி முடித்து, ஏழு வருடம் பச்சைச் சட்டையில் பை பிரித்தவன். இப்போது ஓய்வில் வேலூரில் இருக்கிறேன். தீபாவளி நெருங்கினால் கம்மவான்பேட்டை, கணியம்பாடி பக்கத்து ஜனங்கள் பார்சல் விஷயமாக என்னைத்தான் பிடிப்பார்கள். இந்த வருடம் கேட்டவை இவை.

ஐயா, பையன் லடாக்கில் இருக்கிறான். முகவரியில் 56 ஏபிஓ என்று மட்டும் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாமா?

வேண்டாம், எழுதவே கூடாது. அவன் ராணுவ எண், ரேங்க், பெயர், யூனிட், 9-இல் தொடங்கும் ஆறு இலக்கப் பின்கோடு, 56 ஏபிஓ. அவ்வளவுதான். ஏபிஓ என்றால் ராணுவ அஞ்சல் நிலையம் (Army Post Office), 56 என்பது ஊர் இல்லை. 56 ஏபிஓ தபால் டெல்லிக்கும், 99 ஏபிஓ தபால் கொல்கத்தாவுக்கும் போய்ச் சேரும். எந்த யூனிட் இன்று எங்கே இருக்கிறது என்பது அங்கே பை கட்டுகிறவர்களுக்குத் தெரியும். ராத்திரியோடு ராத்திரியாக யூனிட் இடம் மாறினாலும் பார்சல் பின்னாலேயே போகும். நீங்கள் அக்கறையாக 'லே, லடாக்' என்று சேர்த்தால் ரகசியமும் போச்சு, பார்சலும் வழி தவறும். தனியார் கூரியர் ஏபிஓ முகவரிக்குப் போகாது. தபால் ஆபீஸ்தான் கதி.

தம்பி ஐ.நா. படையில் தெற்கு சூடானில் இருக்கிறான். அதற்கும் இதே முறையா அண்ணா?

அவன் ஏபிஓ முகவரி கொடுத்திருந்தால் இதே முறைதான். அந்த நாட்டு முகவரியையே கொடுத்திருந்தால் அது வெளிநாட்டுப் பார்சல். உள்ளே என்ன, எவ்வளவு, என்ன விலை என்று சுங்கப் படிவத்தில் எழுத வேண்டும். 'தின்பண்டம்' என்று மொட்டையாக எழுதாமல் முறுக்கு, பருப்புப் பொடி என்று பிரித்து எழுதுங்கள். எந்த முகவரி என்பதை அவனிடமே கேட்டுவிடுங்கள், ஊகிக்க வேண்டாம்.

என்ன பலகாரம் தாங்கும்?

இதைத்தான் எல்லாரும் கடைசியில் கேட்கிறார்கள், முதலில் கேட்க வேண்டியது. ஆற்காட்டு மக்கன் பேடாவை மறந்துவிடுங்கள். பாகில் ஊறியது, வழியிலேயே பெட்டியை நனைத்துவிடும். தேங்காய் சேர்த்த எதுவும் வேண்டாம். முறுக்கு நல்லது, ஆனால் பழைய எண்ணெயில் சுட்டால் பத்து நாளில் காறல் வாடை வரும். சுட்டதும் நன்றாக ஆறவிட்டு, பேப்பரில் எண்ணெய் ஒத்தி எடுத்து அடையுங்கள். என்னைக் கேட்டால் பொருள்விளங்கா உருண்டைக்கு ஈடில்லை. பல்லை உடைக்கும், ஆனால் கெடாது.

பலகாரத்தைவிடப் பொடியும் வற்றலும்தான் அங்கே சண்டை போட்டுத் தின்கிற சாமான். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் வற்றல் ஒரு பை, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. பருப்பும் ரொட்டியுமாக மாதக்கணக்கில் சாப்பிடுகிறவனுக்கு அது போதும்.

ஊறுகாய் பாட்டில்?

கண்ணாடி வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஒரு மாங்காய் ஊறுகாய் உடைந்து, பையில் இருந்த அத்தனை பேர் கடிதங்களும் காரமாகிப் போயின. யார் வீட்டு ஊறுகாய் என்று கண்டுபிடித்துத் திட்டினோம், பிறகு மிச்சத்தை நாங்களே தின்றோம். எண்ணெய் வடித்த ஊறுகாயை இரட்டைக் கவரில் போட்டு, அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். கவரை ஒட்டும்போது காற்றை அமுக்கி வெளியேற்றுங்கள். லே சுமார் 3,500 மீட்டர் உயரம். மேலே போகப் போக வெளிக்காற்றழுத்தம் குறைய, காற்றடைத்த பாக்கெட் பலூன் மாதிரி உப்பி வெடிக்கும். கடைச் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் இதே கதிதான்.

பட்டாசு, சென்ட், பவர் பேங்க்?

மூன்றும் கூடாது. லைட்டர், தீப்பெட்டியும் அப்படித்தான். ஒரு கம்பி மத்தாப்புக்காக மொத்தப் பார்சலும் நிற்கும்.

எப்போது போட வேண்டும்?

மலைப்பக்கம் என்றால் ஒரு மாதம் முன்னால், அதாவது ஆயுத பூஜைக்கு முன்பே. பனி விழுந்தால் லடாக் போகும் வழியில் உள்ள சோஜிலா கணவாய் அடைத்துவிடும். அப்புறம் விமானம் பறந்தால்தான் தபால். கடற்படைக்காரன் என்றால் கப்பல் பெயரோடு ஃப்ளீட் மெயில் ஆபீஸ் (கடற்படைத் தபால் நிலையம்) முகவரி. கப்பல் கரை தொடும்வரை பார்சல் காத்திருக்கும், அதனால் அவனுக்குப் பொடி மட்டும் போதும்.

அட்டைப் பெட்டிக்கு மேலே காடாத் துணி தைத்து, அழியாத மார்க்கரில் முகவரி எழுதுங்கள். உள்ளேயும் ஒரு சீட்டில் அதே முகவரி இருக்கட்டும். துணி கிழிந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

தீபாவளி நோன்புக் கயிறும் சேர்த்து அனுப்பலாமா?

எப்படியம்மா முடியும்? பார்சல் போன பிறகுதானே நோன்பு. கும்பிட்டு முடித்ததும் கயிற்றைத் தனியாக ஒரு கவரில், நாலு வரி கடுதாசியோடு போடுங்கள். நோன்பு அதிரசம் ஒன்றையும் அதே கவரில் திணிக்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும். முத்திரை குத்துகிறவன் ஓங்கி ஒரு குத்து வைத்தால் அது வெல்ல மாவாகத்தான் போய்ச் சேரும்.