அரைவேக்காட்டு முட்டை: ஒரே நிமிடக் கணக்கு ஒவ்வொரு நாளும் வேறு பலன் தருவது ஏன்?

பட்டர்வொர்த்தில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஜார்ஜ்டவுன் கோப்பிக் கடைகளில் பசியாறும்போது கிடைக்கும் அரைவேக்காட்டு முட்டையின் பதம் வீட்டில் வருவதே இல்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த நான்கு முட்டைகளைத் துளையுள்ள பிளாஸ்டிக் முட்டைக் கலத்தில் வைத்து, தெர்மோபாட்டிலிருந்து சுடுநீர் ஊற்றுகிறேன். ஒரு நாள் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடுகிறது. அடுப்பில் கொதிக்கவைத்த நீரை நிறைய ஊற்றிய நாளில் மஞ்சள்கரு இறுகிவிடுகிறது. சரியான நேரம் எத்தனை நிமிடம்? எழுபது வயதைக் கடந்த என் மாமனாருக்கும் மூன்று வயது மகனுக்கும் இந்த முட்டையைக் கொடுக்கலாமா?

நீங்கள் நேரத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் முட்டையைக் கெடுப்பது நேரம் அன்று. அடுப்பை அணைத்தபின் வெந்நீரில் ஊறவைத்து வேகவைக்கும் முறையில், அந்த நீர் தன்னிடம் வைத்திருக்கும் வெப்பத்தைத் தவிர முட்டைக்கு வேறு வெப்பம் கிடைப்பதில்லை. ஆகவே நீரின் அளவு, ஊற்றும்போது அதற்கிருந்த சூடு, முட்டைகளின் எண்ணிக்கை, அவை எவ்வளவு குளிர்ந்திருந்தன என்பவற்றை நிலையாக வைத்துக்கொண்டால்தான் நிமிடக் கணக்குக்கு ஏதேனும் பொருள் உண்டு.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். நன்றாகக் கொதித்த ஒரு லிட்டர் நீரில், சமையலறை வெப்பநிலையில் இருக்கும் இரண்டு முட்டைகளை இட்டால், பாத்திரமும் காற்றும் இழுத்துக்கொள்வதைச் சேர்க்காமல் பார்க்கும்போது, நீரும் முட்டையும் ஏறத்தாழ 93 பாகை செல்சியஸில் சமநிலைக்கு வரும். அரை லிட்டர் கொதிநீரில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்போதே எடுத்த நான்கு முட்டைகளை இட்டால் அந்த அளவு 73 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அந்த அரை லிட்டரும் 90 பாகையில் வைக்கப்பட்டிருந்த தெர்மோபாட் நீராக இருந்துவிட்டால், 66 பாகைக்கு மேல் செல்ல அந்த முட்டைகளுக்கு வழியே இல்லை. நீங்கள் பத்து நிமிடம் காத்திருந்தாலும் பதினைந்து நிமிடம் காத்திருந்தாலும் வெள்ளைக்கரு சரிவர இறுகாமல் போவதற்கு இதுவே காரணம்.

வெள்ளைக்கரு ஒரே புரதத்தால் ஆனதன்று. அதிலுள்ள ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் சுமார் 61 பாகையிலேயே திரளத் தொடங்கி, வெள்ளைக்கருவைப் பால் நிறமாக்குகிறது. ஆனால் வெள்ளைக்கருவிலுள்ள புரதத்தில் பாதிக்கும் மேலாக இருக்கும் ஓவால்புமின் உறுதியாக இறுகுவதற்கு ஏறத்தாழ 80 பாகை வேண்டும். மஞ்சள்கருவோ 65 பாகையில் கெட்டியாகத் தொடங்கி, 70 பாகையளவில் இறுகிவிடுகிறது. அதாவது, பிந்தி இறுக வேண்டும் என்று நாம் விரும்பும் மஞ்சள்கருதான் குறைந்த வெப்பத்திலேயே இறுகக்கூடியது. அது நடுவில் இருப்பதும், வெப்பம் ஓட்டிலிருந்து உள்நோக்கி மெதுவாக நகர்வதும் மட்டுமே நமக்குச் சாதகமாக உள்ளன. வெளிப்புற வெள்ளைக்கரு திரண்டு, நடுப்பகுதி இன்னும் சூடேறாமல் இருக்கும் அந்தச் சில நிமிட இடைவெளியில் முட்டையை வெளியே எடுத்துவிட வேண்டும்.

கடைக்காரரின் கையில் தனி மந்திரம் ஏதுமில்லை. அவருடைய முட்டைகள் பெரும்பாலும் குளிரூட்டப்படாமல் அட்டையிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. கோப்பி கலக்குவதற்கென நாள் முழுவதும் கொதிக்கும் நீர் பக்கத்திலேயே இருக்கிறது. பாத்திரமும் முட்டைகளின் எண்ணிக்கையும் அன்றாடம் மாறுவதில்லை. அந்த ஒழுங்கை வீட்டுக்குக் கொண்டுவருவது கடினமன்று.

ஒவ்வொன்றும் 60 கிராமுக்குச் சற்று மேற்பட்ட முட்டைகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்திருந்தால் அரை மணி நேரம் வெளியே வைத்து, நம் ஊர்க் காற்றின் ஈரத்தால் ஓட்டின்மேல் வேர்க்கும் நீரைத் துடைத்துவிடுங்கள். அவசரமான காலையில், குழாய் நீர் நிரம்பிய மங்கில் பத்து நிமிடம் போட்டு வைத்தாலும் போதும். அளந்து ஊற்றிய ஒரு லிட்டர் நீரை மூடியுள்ள பாத்திரத்தில் பொங்கிக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, முட்டைகளைக் கரண்டியில் ஏந்தி ஒவ்வொன்றாக இறக்கி, உடனே மூடிவிடுங்கள். ஆறரை நிமிடத்தில் வெளியே எடுங்கள். நான்கு முட்டைகள் வேண்டுமானால் நேரத்தைக் கூட்டாமல் நீரை ஒன்றரை லிட்டராக்குவதே நல்லது. எடுத்த முட்டை ஓட்டுக்குள்ளிருக்கும் சூட்டிலேயே மேலும் வேகும் என்பதால் அதை அப்படியே மேசையில் விட்டுவைக்கக் கூடாது; உடனே உடைக்க முடியாவிட்டால் பனிக்கட்டி போட்ட நீரில் ஒரு நிமிடம் மூழ்கவிடுங்கள்.

உடைக்கும்போது நன்கு கவனியுங்கள். முட்டையின் இடுப்பில் தேக்கரண்டியின் விளிம்பால் ஒரே தட்டாகத் தட்டி, கிண்ணத்தின் மேல் இரண்டாகப் பிரிக்கும்போது, மஞ்சள்கரு முழு உருண்டையாக நழுவி விழ வேண்டும். அதைச் சுற்றியுள்ள வெள்ளைக்கரு இளநீர் வழுக்கையைப் போல அசைய வேண்டும். ஓட்டின் உட்புறத்தில் சற்றுத் தடித்த வெள்ளைப் படலம் ஒட்டியிருக்கும். அதையும் கரண்டியால் வழித்துச் சேர்த்துவிடுங்கள், ஏனெனில் நன்றாக இறுகிய பகுதி அதுதான். கண்ணாடி போன்ற நீர் இன்னும் ஓடினால் அடுத்த முறை அரை நிமிடம் கூட்டுங்கள். மஞ்சள்கருவின் ஓரம் வெளுத்திருந்தால் அரை நிமிடம் குறையுங்கள். நீரையும் நேரத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

முட்டை பழையதாக இருந்தால் எந்தக் கணக்கும் முழுமையாகக் கைகொடுக்காது. நாளாக ஆகக் கெட்டி வெள்ளைக்கரு நீர்த்துப்போகிறது. ஒரு முட்டையைத் தட்டில் உடைத்து ஊற்றும்போது அது பரந்து ஓடினால், அந்த அட்டையில் மீதமுள்ளவற்றை முழுதாக அவித்துவிடுவது நல்லது; பழைய முட்டையின் ஓடு எளிதாக உரியும்.

உங்கள் பிளாஸ்டிக் கலத்தைத் தூக்கி எறிய வேண்டாம். மேற்பகுதியின் அடியிலுள்ள சிறு துளை வழியே நீர் கீழ்ப்பகுதிக்கு வடிந்து முடியும் நேரமே அதில் வேகும் நேரம். அதனால் துளை அடைபட்டிருந்தால் முட்டை மிகையாக வேகும். முட்டையின் எண்ணிக்கைக்கு ஏற்ப உட்புறத்தில் குறித்திருக்கும் கோடு வரை, தெர்மோபாட் நீரை அல்லாமல் அப்போதே கொதித்த நீரை ஊற்றி, மூடியைப் போட்டு வைத்தால் அது நன்றாகவே வேலை செய்யும். கடற்கரையையொட்டிய பட்டர்வொர்த்தில் நீர் 100 பாகையில் கொதிக்கிறது. விடுமுறைக்குக் கேமரன் மலைக்குச் செல்லும்போது அங்கே 95 பாகையளவிலேயே கொதிப்பதால் ஒரு நிமிடம் கூடுதலாக வைக்க வேண்டும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. மாமனாருக்கும் மகனுக்கும் இந்த முட்டையைக் கொடுக்க வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்கிறேன். சால்மொனெல்லா கிருமி ஓட்டின் மேல் மட்டுமின்றி, சில வேளைகளில், நோயுற்ற கோழியின் உடலிலிருந்தே முட்டைக்குள்ளும் வந்துவிடுகிறது. ஓட்டைக் கழுவுவதால் அது நீங்காது. அதை உடனடியாகவும் நம்பகமாகவும் அழிக்க 71 பாகை வேண்டும். மஞ்சள்கரு ஒழுகும் பதத்தில் இருப்பதே அது அந்தச் சூட்டை எட்டவில்லை என்பதற்கு அடையாளம். நலமுள்ள இளவயதினர் பெரும்பாலும் சில நாள் வயிற்றுப்போக்கோடும் காய்ச்சலோடும் மீண்டுவிடுவார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அதே தொற்று மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையாகலாம்.

மாமனார் விரும்புவது பெரும்பாலும் கிச்சாப்பும் (சோயா சாஸ்) வெள்ளை மிளகுத் தூளும் கலந்த அந்தச் சுவையைத்தான் என்றால், கொதிநீரில் பத்து நிமிடம் முழுதாக வேகவைத்த முட்டையைச் சூடாக மசித்து, அவற்றோடு சிறிது வெண்ணெயும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். மகனுக்கும் கிச்சாப் சேர்க்காமல் அதையே ஊட்டலாம். ஓட்டோடு பாஸ்டரைஸ் செய்த, அதாவது வேகாத அளவுக்கு மிதமாகச் சூடாக்கிக் கிருமி நீக்கிய முட்டை உங்கள் பேரங்காடியில் கிடைத்தால், இருவருக்கும் அரைவேக்காடாகக் கொடுக்க அதை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டில் வெந்நீரில் ஊறவைத்து நீங்களே பாஸ்டரைஸ் செய்ய முயல வேண்டாம், ஏனெனில் 57 பாகையளவில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வெப்பத்தை ஏற்ற இறக்கமின்றி நிறுத்துவது சமையலறைப் பாத்திரத்தில் இயலாத காரியம். மற்றவர்களுக்கென அரைவேக்காடாகச் செய்யும் முட்டைகளிலும் விரிசல் விட்டவற்றை விலக்கி, உடைத்த உடனே சாப்பிட்டுவிடுங்கள்.