நோட்டில் இருக்கும் சொல் எழுதும்போது வரவில்லையே?

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படித்து, தெரியாத சொற்களைத் தமிழ்ப் பொருளோடு எழுதிவைக்கிறேன். இரண்டு ஆண்டுகளில் மூன்று நோட்டுகள் நிறைந்துவிட்டன. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு சொல்லும் கைகொடுப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் ஞாபகசக்தியைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு நோட்டில் இருக்கிறது. ‘இன்கிளெமென்ட் – கடுமையான’ என்று ஒரு வரி எழுதியிருப்பீர்கள். அதை நம்பி, கடினமான தேர்வை ‘இன்கிளெமென்ட் எக்ஸாம்’ என்றால் படிப்பவர் விழிப்பார். இன்று அந்தச் சொல் பெரும்பாலும் வானிலையோடுதான் வரும். மறைந்திருக்கிற என்ற பொருளில் ‘அல்டீரியர்’ என்றால் பின்னாலேயே ‘மோட்டிவ்’ வந்து நிற்கும். தமிழில் கொட்டாவி விடுகிறோம், சோம்பல் முறிக்கிறோம். கொட்டாவியை யாராவது முறிப்பார்களா? ஆகவே சொல்லைத் தனியாக எழுதாமல், அதைக் கண்ட வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள். அதன் கீழே உங்கள் அலுவலகத்தை வைத்து நீங்களே ஒரு வாக்கியம் அமையுங்கள்.

கண்ணில் பட்டதையெல்லாம் எழுதவும் வேண்டாம். முதல்முறை அடிக்கோடிட்டுவிட்டுக் கடந்துவிடுங்கள். வேறோர் இடத்தில் மறுபடியும் எதிர்ப்பட்டால் எழுதுங்கள். வாரத்துக்குப் பத்துச் சொற்கள் போதும். 29 எழுத்துள்ள ‘ஃப்ளாக்ஸிநாஸிநிஹிலிபிலிஃபிகேஷன்’ என்பதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றை மதிப்பற்றது என்று ஒதுக்குவதாம் அதன் பொருள். அந்தச் சொல்லையே அப்படி ஒதுக்கிவிடலாம்.

பொருளை அறிந்தால் மட்டும் போதாது, தொனியும் தெரிய வேண்டும். ‘எக்ரீஜியஸ்’ என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு மந்தையிலிருந்து தனித்து நிற்பது என்று பொருள். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அது பாராட்டாக இருந்தது. இன்று மகா மோசமான தவறைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ நம்மிடம் பட்ட பாடுதான் இதுவும். மேலதிகாரியைப் புகழ்வதாக நினைத்து இதை எழுதிவிடாதீர்கள்! மந்தையைக் குறிக்கும் அந்த லத்தீன் வேரைப் பிடித்துக்கொண்டால் ஒரு குடும்பமே கிடைக்கும்: கூட்டத்தை விரும்புபவர் ‘கிரிகேரியஸ்’, பிரித்து வைப்பது ‘செக்ரிகேட்’, ஒன்றாகத் திரட்டுவது ‘அக்ரிகேட்’. கடைசிச் சொல் வங்கிக்காரரான உங்களுக்குப் பழக்கமானதுதான். அதைப் பிடித்தே மற்றவற்றுக்குப் போகலாம்.

இனி மறதி. செபாஸ்டியன் லைட்னர் என்ற எழுத்தாளர் 1970-களில் பரப்பிய அட்டைப்பெட்டி முறை இன்றும் எளிது. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை, ஒரு பெட்டியில் ஐந்து அறைகள். புதிய அட்டை முதல் அறையில் தொடங்கும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பாருங்கள். பின்னால் போகப் போக இடைவெளி கூடட்டும். செல்பேசியில் வேண்டுமென்றால் ‘ஆங்கி’ செயலி இருக்கிறது.

அட்டையின் முன்பக்கம் ஆங்கிலச் சொல்லை எழுதிப் பொருளைக் கேட்டுக்கொள்வதுதான் எல்லோரும் செய்வது. படிக்கும்போது புரிய அது உதவும். உங்கள் சிக்கலோ எழுதும்போது வராதது. அதனால் சொல் இருந்த இடத்தைக் காலியாக விட்டு வாக்கியத்தை முன்பக்கத்தில் எழுதுங்கள், பக்கத்தில் தமிழில் ஒரு சிறு குறிப்பு. சொல்லைப் பின்பக்கத்தில் ஒளித்துவிடுங்கள்.

பழைய நோட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். இனிப் படிக்கும்போது அவற்றில் உள்ள சொல் எதுவும் எதிர்ப்பட்டால், அதற்கு மட்டும் ஓர் அட்டை போடுங்கள்.