பொருளாதாரம் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

படிவம் ஐந்து மாணவர்கள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததிலிருந்து, மலேசியாவின் பேராக்கில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் கோயில் வாசல், சந்தை, கல்யாண வீட்டுப் பந்தி என்று எங்கே போனாலும் என்னை நிறுத்தி இதைத்தான் கேட்கிறார்கள். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள் நான். பொருளாதாரம் படித்துவிட்டு ஈப்போவில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருக்கிறேன். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கே மொத்தமாக.

அக்கா, சட்டம் படித்தால் வக்கீல், கணக்கியல் படித்தால் கணக்காளர். பொருளாதாரம் படித்தால் நான் யார்? அப்பா கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை. (படிவம் ஐந்து முடித்த மாணவி)

அப்பா கேட்பது நியாயம்தான் தங்கச்சி. இந்தப் பட்டத்தோடு ஒரு பெயர்ப்பலகை சேர்ந்து வராது. 'பொருளாதார நிபுணர்' என்ற பெயரிலேயே வேலை வேண்டுமென்றால் பேங்க் நெகாரா என்ற நம் மத்திய வங்கி, புள்ளிவிவரத் துறை, பொருளாதார அமைச்சு, பெரிய வங்கிகளின் ஆய்வுப் பிரிவு, பெரும்பாலும் இவ்வளவுதான். அதிலும் பல இடங்களில் முதுகலை இருந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். மற்றவர்கள் என்னைப்போல வங்கி, காப்புறுதி, தரவுப் பகுப்பாய்வு என்று பரவிவிடுவோம்.

என் வேலை என்னவென்று கேட்டால் இப்படிச் சொல்லலாம். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையை ஆலைக்கு ஏற்றும் ஒருவர் இரண்டாவது லாரிக்குக் கடன் கேட்டு வருகிறார். ஆறு மாத வங்கி அறிக்கையை விரித்து வைத்துப் பார்த்தால், இவர் டீசலுக்குக் காசு கட்டி நாற்பது நாள் கழித்துத்தான் ஆலை இவருக்குப் பணம் போடுகிறது. காய்ப்பு குறையும் மாதங்களில் அந்த நாற்பது நாளை எதை வைத்து ஓட்டுவார்? லாபம் பார்க்கிற மனிதர்தான், ஆனால் கையில் காசு நிற்பதில்லை. அதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எனக்குக் கணக்கு சுத்தமாக வராது. பொருளாதாரம் கதை மாதிரி இருக்கும் என்றார்களே?

யார் சொன்னது? எஸ்.பி.எம். பாடப் புத்தகம் கதை மாதிரி இருக்கும், உண்மை. பல்கலைக்கழகத்தில் முதல் வருடமே நுண்கணிதம் வரும், அப்புறம் புள்ளியியல், அப்புறம் புள்ளியியலை வைத்துப் பொருளாதாரத் தரவை அலசும் எக்கோனோமெட்ரிக்ஸ். நானே முதல் புள்ளியியல் தேர்வில் நூற்றுக்கு 31 வாங்கி, குளியலறையில் போய் அழுதவள். பள்ளியில் விருப்பப் பாடமான கூடுதல் கணிதம் எடுக்காததால் வந்த வினை. பிறகு ஒரு சீனத் தோழியோடு இரவு இரவாக உட்கார்ந்து தேறினேன். கணக்கு பயமாக இருந்தால் பரவாயில்லை தம்பி, பிடிக்கவே பிடிக்காது என்றால் வேறு துறை பார்.

மகனுக்கு ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா? (ஓர் அம்மா)

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்கப் படிப்பான மெட்ரிகுலேஷனில் இடம் கிடைத்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும்மா. கணக்கியல் பிரிவில் பொருளாதாரமும் ஒரு பாடம். ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம். மூன்று தவணை, ஒன்றரை வருடம் போகும், சுலபமில்லை, ஆனால் அதில் பொருளாதாரம் எடுத்துத் தேறியவன் பல்கலைக்கழக முதல் வருடத்தில் திணறமாட்டான். எதில் போனாலும் மூயெட் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை விட்டு வைக்காதீர்கள்.

தோட்டத்துப் பிள்ளைக்குப் பொருளாதாரம் எதற்கு? பணக்காரன் படிக்கிற படிப்பு அது.

அண்ணே, இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன். 2022 மார்ச்சில் கச்சா செம்பனை எண்ணெய் டன் 7,000 வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டியது ஞாபகம் இருக்கிறதா? உக்ரேனில் போர் மூண்டு சூரியகாந்தி எண்ணெய் வரத்து நின்றுபோனதால் எல்லாரும் செம்பனைப் பக்கம் திரும்பினார்கள். ஏப்ரல் 28-இல் இந்தோனேசியா ஏற்றுமதியையே தடை செய்தது, மே 23-இல் திறந்துவிட்டது. அந்த விலை பேசப்படுவது கோலாலம்பூரில், பர்சா மலேசியாவின் முன்பேரச் சந்தையில், ஓர் ஒப்பந்தத்துக்கு 25 டன் கணக்கில். குலை வெட்டுகிறவர் நம் ஆள், அந்த விலை எப்படி ஏறுகிறது இறங்குகிறது என்று தெரிந்தவர் மட்டும் வேறு யாரோவாக இருக்க வேண்டுமா?

நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் செய்ததும் பொருளாதாரம்தான். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க, நம் ஆட்கள் வேலையும் வீடும் இழந்து நின்றபோது, மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்கலாம் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னார். 1960-இல் அப்படிப் பிறந்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அப்புறம் பொருளாதார அறிஞர் உங்கு அஜிஸ். மலாயா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர், கிராமத்து வறுமையை அளக்க ஒரு வீட்டில் ஆளுக்கு எத்தனை கைலி இருக்கிறது என்று எண்ணச் சொன்னார். கொடியில் காயும் கைலியைப் பார்த்தே வீட்டு நிலைமையைச் சொல்லிவிடும் நம் பாட்டிகளுக்கு இது புரியாதா என்ன?

செலவு?

அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால் கட்டணம் தாங்கக்கூடியதுதான். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடனுக்குச் சேவைக் கட்டணம் வருடத்துக்கு ஒரு விழுக்காடு. வாங்கிய முதல் மாதமே கைப்பேசி வாங்காமல் இருந்தால் சரி.

பட்டம் வாங்கி எட்டு மாதம் ஆகிறது, வேலை இல்லை. என்ன தவறு செய்தேன்?

தவறு என்று எதுவும் இல்லை தம்பி. அரசாங்க நிர்வாக அதிகாரி வேலைக்கு எந்தப் பட்டமும் போதும், பொதுச் சேவை ஆணையத்தில் பதிந்து வை. தனியார் பக்கம் என்றால் எக்செல் நன்றாக வர வேண்டும். ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி நிரல்மொழிகள், இரண்டில் ஒன்றாவது கொஞ்சம் தெரிய வேண்டும். 'கடின உழைப்பாளி' என்றெல்லாம் சுயவிவரத்தில் எழுதியிருந்தால் அடித்துவிடு, யாரும் படிப்பதில்லை. இறுதியாண்டில் எதைப் பற்றி ஆய்வு எழுதினாய்? அதை எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.